எந்தப் பட்டை யாருக்கு? செல்பேசி அலைக்கற்றையின் இரண்டாம் பங்கீடு

2022 ஜூலை 26 அன்று தொடங்கி ஏழு நாள் நடந்த அலைக்கற்றை ஏலம் 1,50,173 கோடி ரூபாயில் முடிந்தது. அதில் ஜியோ மட்டும் 88,078 கோடிக்கு எடுத்தது; ஏர்டெல் 43,084 கோடிக்கு எடுத்தது. யார் எதை எடுத்தார், என்ன விலை கொடுத்தார் என்பதெல்லாம் அந்த வாரம் முழுதும் முதல் பக்கச் செய்தி. 2ஜி வழக்கில் 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்த பிறகு, அலைக்கற்றை பொதுச் சொத்து என்பதை இந்நாட்டில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஏலம் பங்கீட்டின் முதல் பாதிதான். நிறுவனம் எடுத்த அலைக்கற்றையை, இந்த நொடியில் ஒரு டவரைச் சுற்றியிருக்கும் கைபேசிகளுக்குள் யாருக்கு எவ்வளவு என்று பிரிப்பது அடுத்த பாதி. ஏலத்தில் கிடைத்த உரிமை இருபது ஆண்டுக்குச் செல்லும். இரண்டாம் பங்கீடோ நொடிக்கு ஆயிரம் முறை நடக்கிறது. அதைச் செய்வது டவருக்குரிய கருவியில் ஓடும் ஒரு மென்பொருள். தொலைத்தொடர்புத் துறையினர் அதை ஷெட்யூலர் என்பார்கள். அதன் விதி எந்த அரசிதழிலும் வெளிவருவதில்லை. ஒரே டவரில் நான்கைந்து அதிர்வெண் பட்டைகள் குவிந்துவிட்ட இன்றைய நிலையில், கடைக்கோடியில் இருப்பவருக்கு இணைப்பு கிட்டுமா என்பதை ஏலத்துக்கு நிகராக அந்த விதியும் தீர்மானிக்கிறது. அதைப் புரிந்துகொள்ளும் முயற்சியே இக்கட்டுரை.

விலையில் தெரியும் இயற்பியல்

எல்லா அலைக்கற்றையும் ஒரே தரமல்ல. 2022 ஏலத்தில் நாடு முழுவதற்குமான அடிப்படை விலை 700 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 3,927 கோடி ரூபாய். 3,300 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் அது 317 கோடி. 26 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் 7 கோடிக்கும் சற்றுக் குறைவு. 700 பட்டை இணையாக விற்கப்படுவது: டவரிலிருந்து கைபேசிக்கு வரும் இறக்கத்துக்கு ஒன்று, கைபேசியிலிருந்து டவருக்குப் போகும் ஏற்றத்துக்கு ஒன்று என இரண்டு மெகாஹெர்ட்ஸ் சேர்ந்தே ஓர் அலகு. அதைக் கழித்துப் பார்த்தாலும் விலை இடைவெளி மலைக்க வைக்கும்.

காரணம் அலையின் நீளத்தில் இருக்கிறது. 700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 43 சென்டிமீட்டர். 3,500 மெகாஹெர்ட்ஸில் அது 9 சென்டிமீட்டருக்கும் கீழே. 26 கிகாஹெர்ட்ஸில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். தடையற்ற வெளியில், ஒரே வகை ஆன்டெனாக்களுக்கு இடையே, அதிர்வெண் ஐந்து மடங்கானால் பெறும் ஆற்றல் 25-இல் ஒரு பங்காகக் குறைந்துவிடும். சுவர், கூரை, மரக்கிளை என்று தடை வந்தால் உயர் பட்டையின் நிலை இன்னும் மோசம். 64 அனுப்பு வழிகள் கொண்ட பெரிய ஆன்டெனாப் பலகைகள் ஆற்றலை ஒரு திசையில் குவித்து இந்த இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டுகின்றன. முழுதும் ஈடுகட்ட முடிவதில்லை.

மறுபுறம், கீழ்ப் பட்டையில் இடம் குறைவு. 2022-இல் ஜியோ 700-இல் எடுத்தது நாடு முழுதும் 10 மெகாஹெர்ட்ஸ் இணை. 3,300-இல் 100 மெகாஹெர்ட்ஸ். 26 கிகாஹெர்ட்ஸில் 1,000 மெகாஹெர்ட்ஸ். தூரம் போகும் பட்டையில் கொள்ளளவு இல்லை. கொள்ளளவு உள்ள பட்டை தூரம் போவதில்லை. பல பட்டைப் பங்கீட்டின் சிக்கல் எல்லாம் இந்த ஒரு முரணிலிருந்து கிளைப்பதுதான்.

கீழ்ப் பட்டைக்கு என்ன விலை தகும் என்பதில் அரசும் நிறுவனங்களும் உடன்பட ஆறு ஆண்டு பிடித்தது. 2016 ஏலத்தில் 700 மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி அடிப்படை விலை வைத்தார்கள், ஒருவரும் கேட்கவில்லை. 2021 மார்ச்சில் 6,568 கோடிக்கு இறக்கியும் கேட்பாரில்லை. 2022-இல் 3,927 கோடிக்கு இறங்கியபோது ஜியோ 39,270 கோடி கொடுத்து எடுத்தது. ஏர்டெல் அப்போதும் 700 பக்கம் போகவில்லை. நாட்டில் மிகத் தூரம் செல்லும் செல்பேசி அலைக்கற்றை ஆண்டுக்கணக்கில் எவருக்கும் பயன்படாமல் கிடந்தது, விலை கணக்கிடுவோரின் முடிவால்தான்.

துண்டுகளும் மில்லி நொடிகளும்

இனி டவருக்கு வருவோம். 4ஜி தொழில்நுட்பத்தில் அலைக்கற்றை இரண்டு வகையில் நறுக்கப்படுகிறது. அதிர்வெண்ணில் 180 கிலோஹெர்ட்ஸ் அகலம். காலத்தில் ஒரு மில்லி நொடி. இப்படி நறுக்கிய சிறு பகுதியைப் பொறியாளர்கள் ரிசோர்ஸ் பிளாக் என்பார்கள். நாம் துண்டு என்றே வைத்துக்கொள்வோம். 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள 4ஜி பட்டையில் ஒவ்வொரு மில்லி நொடிக்கும் 100 துண்டுகள். 10 மெகாஹெர்ட்ஸில் 50. 5ஜியில் 3,300 பட்டையின் 100 மெகாஹெர்ட்ஸில் துண்டின் அகலம் 360 கிலோஹெர்ட்ஸ், காலம் அரை மில்லி நொடி, எண்ணிக்கை 273. 700 பட்டையின் 10 மெகாஹெர்ட்ஸில் 5ஜிக்கு 52 துண்டுகள். ஜியோ கொடுத்த 39,270 கோடியை இந்த 52 துண்டுகளுக்குப் பிரித்தால் இருபது ஆண்டுக்கு, நாடு முழுவதற்கும், ஒரு துண்டு ஏறத்தாழ 755 கோடி ரூபாய். அந்தத் துண்டை யாருக்குக் கொடுப்பது என்பதைத்தான் ஷெட்யூலர் ஒவ்வொரு மில்லி நொடியும் முடிவு செய்கிறது.

முடிவெடுக்க அதற்குத் தகவல் வேண்டும். ஒவ்வொரு கைபேசியும் தனக்கு அந்தப் பட்டை எப்படிக் கேட்கிறது என்பதை 0 முதல் 15 வரையிலான ஓர் எண்ணாக டவருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. எண் பெரிதானால் ஒரே துண்டில் நிறையத் தரவு ஏற்றலாம். சிறிதானால் கொஞ்சம்தான் ஏற்ற முடியும். சிக்னல் நன்றாக இருக்கும்போது ஒரு குறியீட்டில் எட்டு பிட் வரை செல்லும். மோசமானால் இரண்டு பிட்தான், அதிலும் பெரும்பகுதி பிழைதிருத்தத்துக்கே போய்விடும். ஆகவே ஒரே துண்டு, டவருக்கு அருகில் இருப்பவர் கையில் பல மடங்கு பயன் தரும். எல்லையில் இருப்பவர் கையில் சொற்பப் பயன். எல்லாருக்கும் ஒரே எண்ணிக்கையில் துண்டு கொடுப்பது சமத்துவமா, எல்லாருக்கும் ஒரே வேகம் கிடைக்கும்படி கொடுப்பது சமத்துவமா என்ற கேள்வி இங்கேதான் எழுகிறது.

நியாயத்துக்கு ஒரு சூத்திரம்

மொத்த வேகம் உச்சத்தில் இருக்க வேண்டும் என்றால் ஒவ்வொரு துண்டையும் யாருக்கு மிக நன்றாகக் கேட்கிறதோ அவருக்கே கொடுத்துவிடலாம். எல்லையில் இருப்பவருக்கு எதுவும் கிடைக்காது. எல்லாருக்கும் ஒரே வேகம் என்று முடிவு செய்தால், எல்லையில் இருக்கும் ஒருவருக்காகவே பெரும்பாலான துண்டுகள் கரைந்துபோகும். மற்றவர் எல்லாம் அவர் வேகத்துக்கு இறங்க வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் கேம்பிரிட்ஜ் கணிதவியலர் ஃபிராங்க் கெல்லி 1990-களின் பிற்பகுதியில் வரையறுத்தார். ஒரு பங்கீட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ஒவ்வொருவரின் ஏற்ற இறக்கத்தையும் சதவீதத்தில் கணக்கிட வேண்டும். அந்தச் சதவீதங்களின் கூட்டுத்தொகை, எந்த மாற்றத்துக்கும், பூஜ்யத்துக்கு மேல் போகவில்லை என்றால் இப்போதுள்ள பங்கீடே நியாயமானது. இதை விகிதாசார நியாயம் என்பார்கள். 1 மெகாபிட் உள்ளவருக்குக் கூடும் அரை மெகாபிட்டும் 100 மெகாபிட் உள்ளவர் இழக்கும் அரை மெகாபிட்டும் ஒரே மதிப்புடையவை அல்ல என்பதை இந்த விதி ஏற்றுக்கொள்கிறது. பேரம் பற்றி ஜான் நாஷ் 1950-இல் கண்ட தீர்வோடும் இது நெருங்கிய உறவுடையது.

அதே காலத்தில் குவால்காம் பொறியாளர்கள் செல்பேசித் தரவுச் சேவைக்காக இதே விதியை மிக எளிய வடிவத்தில் கருவிக்குள் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பயனருக்கும் இந்தக் கணத்தில் என்ன வேகம் இயலுமோ அதை, அவருக்கு இதுவரை கிடைத்துவந்த சராசரி வேகத்தால் வகுக்க வேண்டும். யாருடைய ஈவு பெரிதோ அவருக்கே துண்டு. நன்றாகக் கேட்பவருக்குத் தொகுதி பெரிதாக இருக்கும். நிறைய வாங்கிவிட்டவருக்குப் பகுதி பெரிதாகிவிடும். காத்திருப்பவரின் முறை தானாக வந்துசேரும். இருபது ஆண்டுக்கு மேலாகியும் செல்பேசிப் பங்கீட்டின் அடித்தளம் இந்த ஒற்றை வகுத்தல் கணக்குதான்.

2000-ஆம் ஆண்டில் மோ, வால்ரண்ட் ஆகிய இரு ஆய்வாளர்கள் இன்னொரு படி சென்றார்கள். மொத்த வேகமே குறி என்பதிலிருந்து எல்லாருக்கும் ஒரே வேகம் என்பதுவரை உள்ள விதிகள் அனைத்தையும் ஒரே சூத்திரத்தில் அடக்கிக் காட்டினார்கள். அதில் ஓர் எண்ணை மாற்றினால் போதும்: பூஜ்யம் என்றால் வலுத்தவருக்கே எல்லாம், ஒன்று என்றால் விகிதாசார நியாயம், எண் ஏற ஏற நலிந்தவர் பக்கம் தட்டு சாயும். நியாயம் என்பது இங்கே ஒரு திருகுக் குமிழ். குமிழ் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்பதைக் கணிதம் சொல்லாது. யாராவது ஒருவர் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பட்டைகள் ஒன்றுசேர்ந்தபோது

இதுவரை சொன்னது ஒரே பட்டை பற்றியது. செல்பேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பின், 2011-இல் முடிவான பத்தாம் வெளியீடு, ஒரே கைபேசிக்கு ஐந்து பட்டைகள் வரை சேர்த்துத் தர வழிசெய்தது. இதற்குக் கேரியர் அக்ரிகேஷன் என்று பெயர். 2013 ஜூனில் தென்கொரியாவின் எஸ்கே டெலிகாம், கீழ்ப் பட்டையில் ஒரு 10 மெகாஹெர்ட்ஸையும் 1,800 பட்டையில் ஒரு 10 மெகாஹெர்ட்ஸையும் சேர்த்து 150 மெகாபிட் உச்ச வேகச் சேவையை வணிகமாகத் தொடங்கியது. பதின்மூன்றாம் வெளியீட்டில் சேர்க்கக்கூடிய பட்டைகளின் எண்ணிக்கை 32 ஆனது. இந்தியாவில் ஜியோ 2016 செப்டம்பர் 5 அன்று சேவையைத் தொடங்கியபோதே அதன் கையில் 850, 1,800, 2,300 என மூன்று 4ஜி பட்டைகள் இருந்தன.

சேர்க்கும் முறை இப்படி: ஒரு பட்டை கைபேசிக்கு முதன்மை; இணைப்பின் கட்டுப்பாடு அதில் நடக்கும். மற்றவை துணைப் பட்டைகள். தரவு குவியும்போது எழுப்பப்பட்டு, ஓய்ந்ததும் உறங்க வைக்கப்படும். எழுப்பச் சில பத்து மில்லி நொடிகள் ஆகும். விழித்திருக்கும் ஒவ்வொரு பட்டையும் கைபேசியின் மின்கலத்தைத் தின்னும் என்பதால், குறுஞ்செய்தி ஒன்றுக்காக நான்கு பட்டைகளை எழுப்புவது வீண். ஆக, பங்கீடு பல காலப்படிகளில் நடக்கிறது: இருபது ஆண்டுக்கு ஏலம்; நொடிகளின் கணக்கில் எந்தக் கைபேசிக்கு எந்தப் பட்டைகள் என்ற முடிவு; பத்து மில்லி நொடிகளின் கணக்கில் துணைப் பட்டைகளை எழுப்புதலும் அடக்குதலும்; ஒரு மில்லி நொடியில் துண்டுப் பங்கீடு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. ஒவ்வொரு பட்டைக்கும் தனி ஷெட்யூலர் வைத்து, ஒவ்வொன்றும் தன் பட்டைக்குள் விகிதாசார நியாயத்தைக் கடைப்பிடித்தால் மொத்தமும் நியாயமாகிவிடும் என்றே முதலில் தோன்றும். ஆகாது. ஒரே பந்தியில் இருவர் தனித்தனிப் பாத்திரத்தோடு வந்து, இலையில் ஏற்கெனவே என்ன விழுந்திருக்கிறது என்று பாராமல் பரிமாறுவது போன்றதுதான் அது.

ஒரு சிறு கணக்கு

எண்களை வைத்துப் பார்ப்போம். இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள், அளந்தவை அல்ல. ஒரு டவரில் இரண்டு பட்டைகள்: 3,300 போன்ற நடுப் பட்டை ஒன்று, 700 போன்ற கீழ்ப் பட்டை ஒன்று. நடுப் பட்டை முழுதையும் ஒருவருக்கே கொடுத்தால் அருகில் இருப்பவருக்கு 600 மெகாபிட் வேகம். தொலைவில் இருப்பவருக்கு அந்தப் பட்டை எட்டவே எட்டாது. கீழ்ப் பட்டை முழுதையும் கொடுத்தால் அருகில் இருப்பவருக்கு 60, தொலைவில் இருப்பவருக்கு 10.

முதலில் அருகில் ஒருவர், தொலைவில் ஒருவர். தனித்தனி ஷெட்யூலர் என்றால் கீழ்ப் பட்டையின் நேரம் பாதிப் பாதி. அருகில் இருப்பவருக்கு 600-உம் 30-உம் சேர்ந்து 630. தொலைவில் இருப்பவருக்கு 5. இப்போது இரு பட்டைகளையும் சேர்த்து ஒரே சராசரி கணக்கிடுவோம். அருகில் இருப்பவர் ஏற்கெனவே 600 வாங்கிவிட்டார். கீழ்ப் பட்டையில் அவருடைய ஈவு 60-ஐ 600-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 0.1. தொலைவில் இருப்பவருடைய ஈவு 10-ஐ 10-ஆல் வகுத்தால் வருவது, அதாவது 1. கீழ்ப் பட்டை முழுதும் அவருக்கே போகும். முன்னவருக்கு 600, பின்னவருக்கு 10. ஒருவர் இழந்தது 5 சதவீதத்துக்கும் குறைவு. மற்றவர் பெற்றது இரு மடங்கு.

கூட்டம் சேர்ந்தால் வேறுபாடு இன்னும் பெரிது. அருகில் 20 பேர், தொலைவில் ஒருவர் என்று வைப்போம். தனித்தனி ஷெட்யூலரில் கீழ்ப் பட்டையின் நேரம் 21 பேருக்கும் சமமாகப் பிரியும். அருகில் உள்ள ஒவ்வொருவருக்கும் நடுப் பட்டையில் 30, கீழ்ப் பட்டையில் 2.9, ஆக 32.9 மெகாபிட். தொலைவில் இருப்பவருக்கு 0.48, ஒரு காணொளிகூடத் தெளிவாக ஓடாது. ஒருங்கிணைந்த கணக்கில் தொலைவில் இருப்பவர் கீழ்ப் பட்டையின் நேரத்தில் பாதிக்குச் சற்று மேலாகப் பெறுவார். அவருடைய வேகம் 5.2 மெகாபிட். அருகில் உள்ளவர்களுக்கு ஆளுக்கு 31.4. இருபது பேரும் ஆளுக்கு ஒன்றரை மெகாபிட்டுக்கும் குறைவாக விட்டுக்கொடுத்தால் ஒருவருக்கு வேகம் பதினோரு மடங்கு கூடுகிறது. இதில் புதிய அலைக்கற்றை இல்லை, புதிய டவர் இல்லை. மாறியது வகுத்தல் கணக்கின் பகுதி மட்டும்.

இந்த விளைவை டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகத்தையும் நோக்கியாவையும் சேர்ந்த ஆய்வாளர்கள் 2010-ஆம் ஆண்டிலேயே கணினி உருவகப்படுத்தலில் விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். அவர்கள் காட்டிய முக்கியமான இன்னொன்று, ஷெட்யூலர்களை ஒரே மூளையாக இணைக்க வேண்டியதில்லை என்பது. ஒவ்வொரு பயனரும் எல்லாப் பட்டைகளிலும் சேர்த்துப் பெற்ற சராசரி வேகம் என்ற ஓர் எண்ணை ஷெட்யூலர்கள் தமக்குள் பகிர்ந்துகொண்டால் போதும். துண்டுப் பங்கீடு அந்தந்தப் பட்டையில் தனியாகவே நடக்கலாம்.

கணக்கு கடினமாகும் இடங்கள்

ஏட்டுக் கணக்குக்கும் டவருக்கும் இடையே பல தடைகள் உண்டு. முதலாவது, அளவு. 100 துண்டுகளை 20 பேருக்குப் பிரிக்கும் வழிகளின் எண்ணிக்கை 130 இலக்கங்களைத் தாண்டும். மிகச் சிறந்த வழியைத் தேடி எடுக்க ஒரு மில்லி நொடி போதாது. ஒரு பட்டையில் ஒருவருக்குத் தரும் எல்லாத் துண்டுகளும் பெரும்பாலும் ஒரே குறியேற்ற முறையில் இருக்க வேண்டும் என்பது போன்ற கட்டுப்பாடுகளும் சேர்ந்தால் சிக்கல் மேலும் இறுகும். ஆகவே கருவிகள் ஒவ்வொரு துண்டாக எடுத்து அந்தக் கணத்தில் ஈவு பெரிதாக உள்ளவருக்குக் கொடுத்துக்கொண்டே போகின்றன. விடை சிறந்ததாக இல்லாவிட்டாலும் நேரத்துக்கு வருகிறது.

இரண்டாவது, ஒருங்கிணைப்பு. இந்தியாவில் 2022 அக்டோபரில் 5ஜி தொடங்கியபோது ஜியோ 5ஜிக்கு என்றே தனித்த கட்டமைப்பை அமைத்தது. ஏர்டெல் 4ஜியை ஊன்றுகோலாகக் கொண்ட கலப்புக் கட்டமைப்போடு தொடங்கியது. அதில் ஒரே கைபேசிக்கு 4ஜி ஒருபுறமும் 5ஜி ஒருபுறமும் தரவு தரலாம். அப்படிப்பட்ட இடத்தில் இரு ஷெட்யூலர்களும் வெவ்வேறு கருவிகளில் இருக்கக்கூடும். இடையே செய்தி போய்வரும் தாமதம் ஒரு மில்லி நொடிக்குள் அடங்காது. சராசரியைப் பகிர்வது மட்டும் போதும் என்ற கண்டுபிடிப்பு இங்கேதான் கைகொடுக்கிறது. சராசரி மெதுவாக மாறுவது, சற்றுத் தாமதமாக வந்தாலும் பழுதில்லை.

மூன்றாவது, கைபேசி. ஒரு கைபேசி எந்தெந்தப் பட்டைகளைச் சேர்த்து ஏற்கும் என்பது அதன் சிப்பைப் பொறுத்தது. விலை உயர்ந்த கைபேசி மூன்று நான்கு பட்டைகளைச் சேர்த்து வாங்கும். மலிவானது பல நேரம் ஒன்றோடு நின்றுவிடும். தனித்தனிப் பங்கீட்டில் நான்கு பட்டைக் கைபேசிக்கு நான்கு வரிசைகளில் இடம். ஒரு பட்டைக் கைபேசிக்கு ஒரே வரிசை. இருவரும் ஒரே ரீசார்ஜ் கட்டணம் கட்டியிருக்கலாம். தொலைவு மட்டுமல்லாமல் கைபேசியின் விலையும் கடைக்கோடியை உருவாக்குகிறது.

ஏற்றத்தில் நிலைமை வேறு

மேலே சொன்னதெல்லாம் டவரிலிருந்து கைபேசிக்கு வரும் இறக்கம் பற்றியது. கைபேசியிலிருந்து டவருக்குப் போகும் ஏற்றத்தில் இலக்கணமே மாறுகிறது. டவர் பத்துக்கணக்கான வாட் ஆற்றலில் பேசும். சாதாரணக் கைபேசிக்கு அனுமதி 0.2 வாட். அதை இரண்டு பட்டைகளுக்குப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் ஆற்றல் பாதியாகிவிடும். எல்லையில் இருப்பவருக்கு ஏற்றத்தில் இரு பட்டைகளைச் சேர்ப்பது உதவியே அல்ல. இருக்கும் ஆற்றல் முழுதையும் நன்றாகச் செல்லும் ஒரே பட்டையில் கொட்டுவதுதான் அவருக்கு நல்லது.

இதிலிருந்து ஒரு பயனுள்ள உத்தி பிறந்தது. ஒரு தொலைவுக்கு அப்பால், 3,300 பட்டையில் டவரின் குரல் கைபேசிக்குக் கேட்கும். கைபேசியின் குரல் டவருக்குக் கேட்காது. இந்த இடைவெளியில் நிற்பவருக்குக் கீழ்ப் பட்டையை முதன்மையாக்கி ஏற்றத்தை அதில் நடத்திவிட்டு, இறக்கத்துக்கு மட்டும் 3,300-ஐத் துணையாகச் சேர்த்தால் நடுப் பட்டையின் எல்லை விரியும். கீழ்ப் பட்டையின் சில துண்டுகளைச் செலவழித்து நடுப் பட்டையின் பல நூறு துண்டுகளை மேலும் பலருக்கு எட்ட வைக்கும் வழி இது. கீழ்ப் பட்டை இல்லாத நிறுவனம் இதே வேலைக்கு 1,800 போன்ற பட்டைகளை நம்ப வேண்டியிருக்கும்.

கிராமப்புற எல்லை என்ற இந்தச் சிக்கலுக்கு உலகத் தரத்தில் இடம் பெற்றுத் தந்ததில் இந்தியாவுக்குப் பங்கு உண்டு. பஞ்சாயத்து மையத்தில் ஒரு டவர், அடுத்த டவர் ஆறு கிலோமீட்டர் தள்ளி, பயனர்கள் மெதுவாக நடமாடுபவர்கள் என்ற இந்திய ஊர்ப்புற நிலைமையை 700 மெகாஹெர்ட்ஸில் ஒரு சோதனை அமைப்பாக, பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 5ஜி மதிப்பீட்டில் சேர்க்க இந்தியத் தர அமைப்பான டிஎஸ்டிஎஸ்ஐ வாதாடியது. 2017-இல் அது ஏற்கப்பட்டது. அதையொட்டி, கைபேசியின் குறைந்த ஆற்றலைத் திறம்படப் பயன்படுத்தும் அலைவடிவத்தை உருவாக்கியதில் ஐஐடி ஹைதராபாத்தோடு சென்னை ஐஐடியும், அதன் வளாகத்தில் வளர்ந்த சிவிட் என்ற கம்பியில்லாத் தொழில்நுட்ப மையமும் பங்கேற்றன. 2022-இல் தொடங்கி வைக்கப்பட்ட உள்நாட்டு 5ஜி சோதனைத் தளத்துக்கும் சென்னை ஐஐடியே தலைமை.

குமிழைத் திருப்புவது யார்?

3ஜிபிபி தர ஆவணங்கள் கைபேசியும் டவரும் பேசிக்கொள்ளும் முறையை ஒவ்வொரு பிட்டாக வரையறுக்கின்றன. ஷெட்யூலர் எந்த விதியில் துண்டுகளைக் கொடுக்க வேண்டும் என்பதை மட்டும் அவை சொல்வதில்லை. அது கருவி உற்பத்தியாளருக்கும் சேவை நிறுவனத்துக்கும் விடப்பட்டிருக்கிறது. இதற்கு நல்ல காரணம் உண்டு: போட்டியில்தான் சிறந்த ஷெட்யூலர்கள் பிறந்தன. ஆனால் விளைவு என்னவென்றால், 755 கோடி ரூபாய்த் துண்டு யாருக்குப் போகிறது என்ற விதி வணிக ரகசியமாகிவிட்டது.

இந்தத் துண்டுகளுக்குப் போட்டியிடுபவர்களும் பெருகிவிட்டார்கள். 2023-இல் ஜியோவும் ஏர்டெலும் வீட்டு இணையத்தைக் கம்பியில்லாமல் 5ஜி வழியே தரத் தொடங்கின. கூரையில் நிலையாக இருக்கும் ஒரு பெட்டி, மாடிமீது நல்ல சிக்னலோடு, மாலை முழுதும் தொலைக்காட்சிக்குத் தரவு இழுக்கும். அதே டவரின் நடுப் பட்டையில்தான் தெருவில் நடப்பவரின் கைபேசியும் நிற்கிறது. 26 கிகாஹெர்ட்ஸ் பட்டை இத்தகைய நிலையான பெட்டிகளுக்கு மிகப் பொருத்தம். அங்கே அவற்றை ஏற்றிவிட்டு நடுப் பட்டையை நடமாடுபவர்களுக்கு விடுவது அறிவுள்ள பங்கீடு. தனித்த 5ஜி கட்டமைப்பில் வளத்தின் ஒரு பகுதியை ஒரு சேவைக்கென்று ஒதுக்கி வைக்கும் நெட்வொர்க் ஸ்லைசிங் வசதியும் உண்டு. 2018-இல் இந்தியா ஏற்ற இணையச் சமநிலை விதிகள் தரவை உள்ளடக்கத்தைப் பார்த்துப் பாகுபடுத்தக் கூடாது என்கின்றன. சிறப்புச் சேவைகளுக்கு விலக்கும் தருகின்றன. ஒதுக்கிவைத்த துண்டு எங்கே முடிகிறது, பொதுத் துண்டு எங்கே தொடங்குகிறது என்பதை வெளியிலிருந்து எவராலும் பார்க்க முடியாது என்பதால் அந்த விலக்கு கவனத்துக்குரியது.

ஷெட்யூலர் மென்பொருளை அரசு எழுத வேண்டும் என்று இதற்குப் பொருளல்ல. ஒரு மில்லி நொடி முடிவைக் கோப்பு போட்டு ஒப்புதல் வாங்கி எடுக்க முடியாது. விதியைக் கேட்பதைவிட விளைவை அளப்பது எளிது, நியாயமும்கூட. அதற்கான அளவுகோல் துறையின் கையிலேயே இருக்கிறது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2017-இல் 5ஜிக்கு இலக்குகள் வகுத்தபோது, பயனர் உணரும் வேகம் என்பதைச் சராசரியாக வரையறுக்கவில்லை. நூறு அளவீடுகளை வரிசைப்படுத்தினால் கீழிருந்து ஐந்தாவதாக நிற்பது எதுவோ அதுவே பயனர் உணரும் வேகம் என்றது. அடர்ந்த நகரத்தில் அதற்கு வைத்த இலக்கு 100 மெகாபிட். விளம்பரங்களில் வருவதோ 20 கிகாபிட் என்ற உச்ச இலக்கின் சாயல். நம் சிறு கணக்கில் தனித்தனிப் பங்கீட்டின் சராசரி வேகம் 31.3 மெகாபிட், ஒருங்கிணைந்த பங்கீட்டில் 30.2. சராசரியை மட்டும் பார்ப்பவர் முதலாவதைத்தான் சிறந்தது என்பார். கடைசி ஆளின் வேகத்தைப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024-இல் வெளியிட்ட சேவைத் தர விதிமுறைகள், எங்கே எந்தத் தலைமுறைச் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தம் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்றன. நல்ல தொடக்கம். அடுத்த படி, ஒவ்வொரு பகுதியிலும் கீழிருந்து ஐந்தாவது சதவீதத்தினர் பெறும் வேகத்தை, இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும் தனித்தனியாக, பட்டைவாரியாக, நெரிசல் நேரத்துக்கு என்றே அளந்து சராசரிக்கு முன்னால் வைத்து வெளியிடச் செய்வது. குமிழ் எங்கே நிற்கிறது என்பதை அந்த எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் தொலைவில் இருப்பவருக்கு எட்டும் என்பதற்காகத்தான் அத்தனை விலை போயிற்று. அது அவரிடம் போய்ச் சேர்கிறதா என்று கேட்கும் உரிமை, அந்த அலைக்கற்றையின் உண்மையான உடைமையாளர்களான குடிமக்களுக்கு உண்டு.